டிரான்சம் பிரித்திருக்கும்போது பின் மவுண்ட்: மாற்றுவதா, விட்டுவிடுவதா?

படகின் கடையால் பலகையை, அதாவது டிரான்சத்தை, சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வரும்போது, கணீரென்று ஒலிக்க வேண்டிய இடம் பொத்தென்று ஒலித்தால் டிரான்சம் வேலை வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வரிசைக்கிரமம்தான். தண்ணீருக்குள் விசிறியைச் சுழற்றும் டிரைவ் இறங்கும், இன்ஜின் மேலேறும், வெளி ஹவுசிங்கும் உள் தட்டும் கழன்று வரும், அழுகிய பிளைவுட் ஈரச் சாணம்போல அள்ள வரும். இந்தக் கூத்துக்கு நடுவே, தொங்கிக்கொண்டிருக்கும் இன்ஜினின் பின்புறம் பார்வை படும். ஃப்ளைவீல் ஹவுசிங்கின் (இன்ஜினின் பின்முனைக் கூடு) இரு காதுகளிலும் வெடித்துப்போய், எண்ணெய் பூத்த இரண்டு ரப்பர் மவுண்ட்டுகள், அதாவது இன்ஜினின் எடையைத் தாங்கும் ரப்பர் பிடிமானங்கள். செலவு ஏற்கெனவே கழுத்துவரை வந்திருக்கும் அந்த நேரத்தில்தான் 'இதையும் மாற்றிவிடலாமா?' என்ற கேள்வி எழும்.

நான் இங்கே பேசுவது ஸ்டெர்ன் டிரைவ் படகுகளைப் பற்றி மட்டும். இன்ஜின் படகுக்குள், டிரைவ் தண்ணீரில், நடுவில் டிரான்சம். மெர்குரூசர் போன்ற கம்பெனிகளின் படகு இன்ஜின்களில் முன் மவுண்ட்டுகள், படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் விட்டமான ஸ்ட்ரிங்கர்மேல் உட்காரும். பின் மவுண்ட்டுகள் டிரான்சத்தின் உள் தட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தாங்கிகள்மேல் உட்காரும். நீள ஷாஃப்ட் வைத்த படகில் நான்கு மவுண்ட்டும் ஸ்ட்ரிங்கர்மேல்தான். அங்கே டிரான்சம் வேலைக்கும் மவுண்ட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1980களின் நடுப்பகுதி வரை ஓஎம்சி கம்பெனி செய்த ஸ்ட்ரிங்கர் மவுண்ட் டிரைவும் பெயருக்கேற்ப அப்படித்தான். உங்களுடையது அந்த வகை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம்.

பின் மவுண்ட்டை மட்டும் தனியாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. முன் மவுண்ட்டில் மரையும் நட்டும் இருக்கிறது, ஏற்றலாம், இறக்கலாம். பின் மவுண்ட்டில் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் கிடையாது. போல்ட்டை முறுக்கினால் முடிந்தது கதை. ரப்பர் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் இன்ஜினின் பின்பக்க உயரம். ரப்பர் தொய்ந்தால் இன்ஜின் தொய்யும். அந்தக் குறையை முன்னால் இறக்கித்தான் ஈடுகட்ட வேண்டும்.

எவ்வளவு இறக்க வேண்டியிருக்கும்? ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜினின் சுழற்சியை டிரைவ் ஷாஃப்ட்டுக்குக் கொடுக்கும் கப்ளர் ஏறக்குறைய பின் மவுண்ட் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு 200 மில்லிமீட்டர் பின்னால், அந்த ஷாஃப்ட்டைத் தாங்கும் கிம்பல் பேரிங். அது டிரான்சத்தோடு இருப்பதால் நகராது. முன் மவுண்ட் 800 மில்லிமீட்டர் முன்னால். பின் ரப்பர் 3 மில்லிமீட்டர் தொய்ந்தால், கிராங்க் ஷாஃப்ட்டின் மையக்கோடு மறுபடியும் கிம்பல் பேரிங்கின் நடுவைக் குறிபார்க்க முன் மவுண்ட் 15 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். பின்னால் மூன்று, முன்னால் பதினைந்து. பழைய படகுகளில் முன் மவுண்ட்டின் நட்டு அடிமட்டத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்பதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். படகுக்குப் படகு தூரங்கள் மாறும், உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள். ஆனால் விகிதம் இந்த ரகம்தான். அப்படி இறக்கிச் சரிக்கட்டினாலும் இன்ஜின் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும், ஷாஃப்ட்டை மடங்கவிடும் யுனிவர்சல் ஜாயின்ட் தேவையில்லாத கோணத்தில் சுற்றும்.

இப்போது டிரான்சத்தை இந்தக் கணக்குக்குள் கொண்டு வாருங்கள். கிம்பல் பேரிங் உட்காரும் வெளி ஹவுசிங்கான கிம்பல் ஹவுசிங் டிரான்சத்தின் வெளித்தோலில் படிந்து நிற்கிறது. மவுண்ட்டைத் தாங்கும் உள் தட்டு உள்தோலில் படிந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் புதிதாகக் கட்டப்போகும் பலகை. அதன் தடிமன் மாறினால், அல்லது மேலே ஒரு தடிமனும் கீழே ஒரு தடிமனுமாக வந்துவிட்டால், பேரிங்குக்கும் மவுண்ட்டுக்கும் உள்ள உறவே மாறிவிடும். மெர்குரூசர் கேட்பது 51 முதல் 57 மில்லிமீட்டர் தடிமன். உள்முகமும் வெளிமுகமும் இணையாக இருக்க வேண்டும், வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு ஒட்டினால் 36. அதோடு வெளித்தோல், நடுவில் பசை, உள்ளே போடும் கண்ணாடி இழை அடுக்குகள். எல்லாம் சேர்ந்து அந்த எல்லைக்குள் வருகிறதா என்பதை ரெசின் கலக்கும் முன்பே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மரமா, நுரைப் பலகையா, ஊற்றும் கலவையா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். மவுண்ட்டின் கண்ணோட்டத்தில் அது இரண்டாம்பட்சம். அழுத்தினால் நசுங்காமல், எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருந்தால் போதும்.

அழுகிய டிரான்சமும் நைந்த மவுண்ட்டும் ஒன்றுபோலவே நோய் காட்டும் என்பதுதான் இதில் பெரிய தலைவலி. அலைன்மென்ட், அதாவது கிராங்கும் கிம்பல் பேரிங்கும் ஒரே கோட்டில் இருப்பது, நிற்காது. கப்ளரின் உட்பற்களான ஸ்ப்ளைன் தேயும். கிம்பல் பேரிங் உறுமும். தரை அதிரும். உள் தட்டு அழுகிய மரத்துக்குள் நசுங்கி இறங்கியிருந்தால், ரப்பர் நன்றாக இருந்தும் தொய்ந்ததுபோலவே தெரியும். அதனால் இன்ஜினைக் கழற்றும் முன் எடுத்த அளவுகளை வைத்து மவுண்ட்டுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது.

இதில் நான் பட்டுக்கொண்டது உண்டு. என் முதல் டிரான்சம் வேலையில் மவுண்ட்டுகளைத் துணியால் துடைத்தேன், விரல் நகத்தால் அழுத்தினேன், 'ரப்பர் இன்னும் கெட்டியாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிட்டேன். டிரான்சம் அருமையாக வந்தது. இன்ஜினை இறக்கி, போல்ட் முறுக்கி, டிரைவ் ஷாஃப்ட்டின் இடத்தில் நுழைத்து நேர் பார்க்கும் கம்பியான அலைன்மென்ட் பாரை உள்ளே விட்டால் கிம்பல் பேரிங் வரை சுகமாகப் போகிறது, கப்ளர் வாயில் முட்டி நிற்கிறது. முன் நட்டை இறக்கினேன், இறக்கினேன், மரை தீர்ந்துவிட்டது. பார் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருந்தது. அழுகிய பழைய டிரான்சத்தில் எல்லாமே கோணலாக இருந்ததால் எப்படியோ ஒத்துப்போயிருந்த கோளாறு, புது டிரான்சம் நேராக நின்றதும் வெளியே வந்துவிட்டது. இன்ஜினை மறுபடி தூக்கினேன். ரப்பர் கெட்டியாக இருந்ததே கெட்டுப்போனதன் அடையாளம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வயதான ரப்பர் இறுகும். இறுகிய நிலையிலேயே தொய்ந்து நிற்கும்.

பிறகு எப்படித்தான் பார்ப்பது? இன்ஜின் தொங்கும்போதே பாருங்கள். போல்ட் செங்குத்தாகப் போகும் வகையில் ரப்பருக்கு நடுவே ஒரு உலோகக் குழாய் இருக்கும். அந்தக் குழாயின் அடி, தட்டின் தாங்கிமேல் நிற்கிறது. இன்ஜினின் எடை சுற்றியுள்ள ரப்பரைக் கீழே இழுக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி இருந்த ரப்பர், சுமையை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. குழாய் மேல்நோக்கி எக்கிக்கொண்டு, ரப்பர் கவிழ்த்த புனல்போல வடிவம் எடுத்திருக்கும். இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். இன்ஜினின் முறுக்கு விசை எப்போதும் ஒரு பக்கத்தைக் கூடுதலாக அமுக்கும் என்பதால் ஒன்று மற்றதைவிட அதிகம் தொய்ந்திருக்கலாம். அடுத்து, குழாயும் ரப்பரும் ஒட்டும் கோட்டில் மெல்லிய தகட்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விட்டுவிட்டது. சுற்றிலும் கறுப்பு மாவுபோல் தூள் படிந்திருந்தால் ரப்பர் உலோகத்தில் உராய்ந்துகொண்டிருந்தது என்று பொருள். புது மவுண்ட் கையில் கிடைத்தால் பக்கத்தில் நிறுத்தி ஸ்கேலால் குழாயின் நீட்டத்தை அளப்பதுபோல் நிச்சயமான சோதனை வேறில்லை.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முதல் வழி, தொடாமல் விடுவது. இதை எடுத்த எடுப்பில் மட்டம்தட்ட மாட்டேன். மவுண்ட் மாற்றி இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது, குழாய் நேராக நிற்கிறது, எண்ணெய் படவில்லை என்றால் விடலாம். அடுத்த சீசனில் இன்ஜினையே மாற்றப்போகிறீர்கள், ஹவுசிங்கும் சேர்ந்தே போகப்போகிறது என்றாலும் விடலாம். மற்றபடி இதை மிச்சம் என்று எண்ணுவது கணக்குப் பிழை. பின் மவுண்ட்டை மாற்ற இன்ஜினைத் தூக்கியாக வேண்டும். அந்தத் தூக்கும் வேலையை டிரான்சத்துக்காக ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். இப்போது மாற்றினால் பொருளுக்கு மட்டும் காசு. பிறகு மாற்றினால் அதே பொருளோடு தூக்கு, எக்ஸ்ஹாஸ்ட் ஹோஸ், வயரிங், அலைன்மென்ட் எல்லாம் முதலிலிருந்து.

இரண்டாவது, பின் இரண்டையும் மட்டும் மாற்றுவது. என் ஓட்டு இதற்குத்தான். இரண்டையும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒன்றுதான் கெட்டிருக்கிறது, ஒன்றை மட்டும் போடுகிறேன் என்றால் இன்ஜின் ஒருச்சாய்த்து நிற்கும், சுமை புதியதன் தலையில் விழும்.

மூன்றாவது, நான்கையும் மாற்றுவது. கேட்க முழுமையாக இருக்கும். ஆனால் முன் மவுண்ட் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியது. இன்ஜினின் மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் போதும். அதில் தொய்வு வந்தாலும் நட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். ஆகவே முன் மவுண்ட்டுக்கு நான் கேட்பது இரண்டே கேள்வி. நட்டு மரையில் சுலபமாகச் சுற்றுகிறதா? ரப்பர் உலோகத்தை விடாமல் பிடித்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அப்படியே இருக்கட்டும். மரை துருவில் இறுகிப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். அசையாத முன் மவுண்ட், அட்ஜஸ்ட்மென்ட்டே இல்லாத பின் மவுண்ட்டோடு சேர்ந்தால் அலைன்மென்ட் செய்ய இடமே இருக்காது.

நான்காவது வழி, மவுண்ட் ஏற்கெனவே ஏறியிருக்கும் ஃப்ளைவீல் ஹவுசிங்கையே மாற்றுவது. காது விரிசல் விட்டிருந்தால், அல்லது மவுண்ட் உட்காரும் துளை அரித்துப்போயிருந்தால் இதைத் தவிர வேறு வழியில்லை. மற்ற நேரத்தில் இது கொசுவை விரட்ட வீட்டைக் கொளுத்துவது. பிரித்த இன்ஜினிலிருந்து வந்த பழைய ஹவுசிங் என்றால் அதிலுள்ள ரப்பரும் உங்களுடையதன் வயதுதான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு நன்மை உண்டு: ஹவுசிங்கைக் கழற்றினால் கப்ளர் கண்முன்னே வந்துவிடும். அதன் ரப்பர், ஸ்ப்ளைன், கிராங்கின் பின் சீல் மூன்றையும் அப்போதே பார்த்துவிடலாம். தொய்ந்த மவுண்ட்டோடு வெகுகாலம் ஓடிய இன்ஜினில் கப்ளர் ஸ்ப்ளைன் ரம்பப்பல்போல் கூராகியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது: தொய்ந்த அளவுக்கு அடியில் வாஷர் வைத்துத் தூக்குவது. படகை எப்படியாவது கரை சேர்க்க ஒருநாள் செய்யலாம். டிரான்சம் முழுக்கப் பிரித்துக் கட்டும் வேலையில் இதைச் செய்வது, புது வீட்டுக்கு முட்டுக்கொடுத்துக் குடியேறுவது மாதிரி.

இனி எந்த மவுண்ட் என்பது. இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இன்ஜின் கம்பெனியின் ஒரிஜினலின் விலை உறுத்தும். ஆனால் உயரமும் ரப்பரின் கடினமும் அந்த இன்ஜினின் எடைக்காகவே தேர்ந்தெடுத்தது. 3 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கும் வி8 இன்ஜினுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் உண்டு. மவுண்ட் போல்ட் துளையில் பொருந்துகிறது என்பதற்காக இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாகத்தின் எண்ணை இன்ஜினின் சீரியல் எண்ணோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.

மாற்றுக் கம்பெனிகளின் மவுண்ட்டில் நல்லதும் உண்டு, களிமண்ணும் உண்டு. பிரச்சினை ரப்பரின் ஆயுள் மட்டுமல்ல. உயரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறி வந்தாலே மேலே போட்ட கணக்குப்படி முன்னால் ஐந்து, பத்து மில்லிமீட்டர் அட்ஜஸ்ட்மென்ட்டை விழுங்கிவிடும். பெட்டியைப் பிரித்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டுக்குள்ளேயே வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான்.

பாலியூரிதேன் போடலாமே என்பார்கள், குறிப்பாகக் கார் பந்தயப் பழக்கம் உள்ளவர்கள். எண்ணெய்க்கு அது அசையாது, தொய்வும் குறைவு, உண்மைதான். ஆனால் ரப்பர் அங்கே இருப்பதே இன்ஜினின் அதிர்வை விழுங்கத்தான். கடினமான மவுண்ட் அதை அப்படியே உள் தட்டுக்கும் டிரான்சத்துக்கும் கடத்திவிடும். புதிதாக ஒட்டிய பலகையையும், தண்ணீர் புகாமல் காக்கும் சீலன்ட்டையும் நாள் முழுக்க உலுக்கிக்கொண்டிருக்கும் ஒரு ஏற்பாட்டை நானே காசு கொடுத்து வாங்க மாட்டேன். கார் சேஸி இரும்பு, அதற்குத் தாங்கும்.

கழற்றிய இன்ஜினிலிருந்து எடுத்த பழைய மவுண்ட் வேண்டவே வேண்டாம். அதன் தொய்வு வேறொரு இன்ஜினின் எடைக்கு ஏற்பட்டது.

மாற்றும் வேலையில் கவனிக்க வேண்டியது ஒன்றிரண்டு. சில ஹவுசிங்கில் மவுண்ட் பெரிய நட்டால் பிடித்திருக்கும், சிலவற்றில் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றியிருக்கும். மேனுவலைப் பார்க்காமல் சுத்தியலை எடுக்காதீர்கள். ஹவுசிங் அலுமினிய வார்ப்பு. காதுக்கு அடியில் சரியாக முட்டுக் கொடுக்காமல் பிரஸ்ஸில் அமுக்கினால் மவுண்ட்டுக்கு முன்னால் காது கழன்று வரும். நெருப்புக் காட்டினால் ரப்பர் புகைந்து நாறுமே தவிர எளிதில் இளகாது. நான் செய்வது இது: நடு ரப்பரை வெட்டி எடுத்துவிட்டு, வெளி இரும்பு உறைக்குள் ஹாக்ஸா பிளேடை மட்டும் நுழைத்து நீளவாட்டில் ஒரே ஒரு கோடு அறுப்பேன். அலுமினியத்தைத் தொடுவதற்கு ஒரு மயிரிழைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, உளியால் ஒரு தட்டு. உறை தானாகச் சுருண்டு வெளியே வரும். பொறுமை வேண்டும், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

டிரான்சம் கட்டி முடித்ததும், இன்ஜினை இறக்கும் முன்பே, வெறும் தட்டை வைத்துப் பாருங்கள். டிரைவுக்காக வெட்டிய துளையின் விளிம்பில் எட்டு இடத்தில் காலிப்பர் வைத்துத் தடிமனை எழுதிக்கொள்ளுங்கள். பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் இப்போதே தேய்த்தோ நிரப்பியோ சரிசெய்ய வேண்டும். மவுண்ட் இதை மன்னிக்காது. பிறகு தட்டின் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சீராக முறுக்கிக்கொண்டு வந்து 27 முதல் 34 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். பின் மவுண்ட் போல்ட்டுக்கு மெர்குரூசர் ஆல்ஃபா, பிராவோ வகைகளில் சுமார் 50 நியூட்டன் மீட்டர். உங்கள் மாடலின் மேனுவல் வேறு சொன்னால் அதுதான் சட்டம்.

இன்ஜின் இறங்கியதும் உடனே அலைன்மென்ட்டுக்குப் பாய வேண்டாம். புது ரப்பர் சுமையில் கொஞ்சம் அமரும். ஓரிரு நாள் இன்ஜினின் முழு எடையோடு நிற்கவிட்டு, படகு எங்கேயும் முறுக்கிக்கொள்ளாமல் சமமாகத் தாங்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் பாரைக் கையிலெடுப்பேன். பாரின் நுனியில் கிரீஸ் தடவி, இரண்டு விரலால் தள்ளினால் உள்ளே போய், இரண்டு விரலால் இழுத்தால் வெளியே வர வேண்டும். வெளியே எடுத்து கிரீஸில் பதிந்த ஸ்ப்ளைன் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே ஆழமாக இருந்தால் சரி. மேல்பக்கம் மட்டும் அழுந்தியிருந்தாலோ, கீழ்ப்பக்கம் மட்டும் அழுந்தியிருந்தாலோ முன் நட்டுகள் இரண்டையும் ஒரே அளவு, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி மறுபடியும் பாருங்கள். பாரை சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அலைன்மென்ட் அல்ல, அடாவடி. முடிந்ததும் முன் மவுண்ட்டில் எத்தனை மரை மிச்சம் என்று எண்ணி எழுதி வையுங்கள். இருபது மணி நேரம் ஓடிய பிறகு டிரைவை இறக்கி இன்னொரு முறை பார்த்தால் ரப்பர் எவ்வளவு அமர்ந்தது என்று தெரிந்துவிடும்.

பழைய மவுண்ட்டுகளை அதுவரை குப்பையில் போடாதீர்கள். கழற்றும்போது ஃபைபர் வாஷர் ஒன்று அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மெர்குரூசரில் அந்த வாஷரின் வளையத்துக்குள்ளேதான் இரட்டைச் சுற்று லாக் வாஷர் உட்கார வேண்டும், மேலேயோ கீழேயோ அல்ல. ஒரு பக்கம் அது விட்டுப்போனால் அந்தப் பக்கம் வாஷரின் தடிமன் அளவுக்கு இன்ஜின் இறங்கி நிற்கும், நீங்கள் முன் நட்டைத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள்.